எனக்கு நாற்பது வந்தால் போதும், மேலே வருவது உன் சாமர்த்தியம்

அக்கா மகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்ததும் யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் வீட்டு வியாபாரம் சொல்லிக்கொடுப்பதைப் பார்க்கிறான். போன மாதம் போனில் கேட்டான்: "மாமா, ஒரு வீட்டையும் வாங்காமலே வித்துக் காசு பாக்கலாமாம். ஊருக்கே போக வேணாமாம். நம்ம கும்பகோணம், தஞ்சாவூர்ல இதைப் பண்ண முடியுமா?"

அவனுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே விரிவாக எழுதி வைக்கிறேன். இந்தக் கேள்வியோடு இருக்கும் பிள்ளைகள் இன்னும் பல பேர் என்று தெரியும்.

அமெரிக்காவில் இதற்கு ஹோல்சேலிங் என்று பெயர். வீட்டுக்காரரிடம் விலை பேசி ஒப்பந்தம் போடுவார்கள். வீட்டை வாங்கிச் சரிசெய்து விற்கும் முதலீட்டாளர் யாருக்காவது அந்த ஒப்பந்தத்தைக் கைமாற்றி விடுவார்கள். நடுவில் நிற்கும் தொகை இவர்களுக்கு. வீடு ஒருநாளும் இவர்கள் பெயருக்கு வராது. அங்கேயும் இது தடையில்லாமல் ஓடவில்லை. ஒரு வருடத்தில் ஒன்றுக்கு மேல் இப்படிச் செய்கிறவருக்கு உரிமம் வேண்டும் என்று இல்லினாய் மாநிலம் 2019இல் சட்டம் கொண்டுவந்தது. 2021இல் ஓக்லஹோமாவும் 2024இல் தெற்கு கரோலினாவும் கட்டுப்பாடு போட்டன. வயதானவர்கள், அவசரத்தில் இருப்பவர்கள் தங்கள் வீட்டின் விலை தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள் என்பதுதான் அங்கே எழுந்த புகார்.

நம் பக்கம் இந்தத் தொழில் யூடியூபுக்கு வெகுகாலம் முன்பே இருக்கிறது. தஞ்சாவூர் ஜில்லாவில் வீடு விற்க நினைக்கிற பெரியவர் தரகரிடம் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "எனக்குக் கையில நாப்பது வந்தாப் போதும்ப்பா. மேல வர்றது உன் சாமர்த்தியம்." தரகர் ஒரு டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பார், மூன்று மாதம் தவணை வைத்து அக்ரிமென்ட் போடுவார், அதற்குள் நாற்பத்தைந்து லட்சத்துக்கோ நாற்பத்தாறு லட்சத்துக்கோ ஆள் கொண்டுவருவார். பத்திர எழுத்தர்கள் எழுதும் கிரய ஒப்பந்தங்களில் வாங்குபவர் பெயரிலோ அவர் கோரும் நபர் பெயரிலோ கிரயம் செய்து கொடுப்பதாக ஒரு வரி வழக்கமாகவே வரும். அமெரிக்கக்காரர் தனிப் பாடமாக நடத்தும் கைமாற்றம் முழுக்க அந்த ஒரு வரிக்குள் அடக்கம்.

அதனால் பண்ண முடியும் என்றுதான் மாப்பிள்ளைக்குச் சொன்னேன். ஆனால் டெல்டாவில் இந்தத் தொழிலின் லாபம் மலிவான வீட்டைக் கண்டுபிடிப்பதில் இல்லை. விற்க முடியாமல் கிடக்கிற வீட்டை விற்கக்கூடியதாக ஆக்கிக் கொடுப்பதில் இருக்கிறது. அந்த வேலையைச் செய்யாமல் விலை வித்தியாசத்தை மட்டும் எடுப்பவர் ஒரு பெரியவரின் கடைசிச் சொத்தில் கைவைக்கிறார். நான் இதை இப்படித்தான் பார்க்கிறேன்.

ஏன் இங்கே வீடுகள் விற்க முடியாமல் கிடக்கின்றன? தெருவுக்குத் தெரு பூட்டிய வீடுகள். அக்ரஹாரத்துப் பிள்ளைகள் சென்னைக்கும் மும்பைக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், நாகூர்ப் பக்கம் குடும்பங்கள் மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா என்று பிரிந்து கிடக்கின்றன. தாத்தா பெயரில் பத்திரம். அவருக்கு ஐந்து பிள்ளைகள். அதில் இரண்டு பேர் இறந்து அவர்கள் பிள்ளைகள் வேறு. ஒரு வீட்டுக்கு ஒன்பது கையெழுத்து தேவைப்படுவது இங்கே சாதாரணம். பெண்பிள்ளைகளின் கையெழுத்தை விட்டுவிட்டு அக்ரிமென்ட் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது பெரிய அநியாயம், சட்டப்படியும் நிற்காது. தமிழ்நாடு 1989இலேயே இந்துப் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்தது. 2005இல் மத்தியச் சட்டம் வந்தது. அப்பா அந்தச் சட்டம் வந்த தேதியில் உயிரோடு இருந்தாரா என்ற கேள்வியே வேண்டாம், மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆகவே மாயவரத்தில் கட்டிக்கொடுத்த அத்தை கையெழுத்துப் போடாத வீட்டை எந்த நல்ல வக்கீலும் வாங்கச் சொல்ல மாட்டார்.

இங்கேதான் தூரத்தில் இருப்பவனுக்கு ஒரு பலம் உண்டு. விற்கும் தரப்பும் தூரத்தில்தான் இருக்கிறது! கோலாலம்பூரில் ஒருவர், நியூஜெர்சியில் ஒருவர், திருச்சியில் ஒருவர். இவர்களையெல்லாம் ஒரே வாட்ஸப் குழுவில் கொண்டுவந்து, ஒரு விலைக்கு ஒப்புக்கொள்ள வைத்து, வாரிசு சான்றிதழ் வாங்க வைத்து, வெளிநாட்டில் இருப்பவரை இந்தியத் தூதரகத்தில் பவர் எழுதிச் சான்று பெற வைத்து, அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வைப்பது ஒரு முழு வேலை. உள்ளூர்த் தரகருக்கு அதற்கு நேரமும் இல்லை, பல சமயம் நியூஜெர்சியோடு பேசும் பொறுமையும் இல்லை. சிங்கப்பூரில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அது இருக்கிறது. அவன் வாங்கும் பணம் இந்த உழைப்புக்கான கூலி என்றால் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை.

காகிதம் பார்ப்பதும் இப்போது வெளியூரிலிருந்தே ஆகிறது. பதிவுத்துறையின் இணையதளம் 2018 பிப்ரவரியில் புதுப்பித்து வந்தபிறகு வில்லங்கச் சான்றை வீட்டிலிருந்தே பார்க்கலாம். தெருவாரியாக, சர்வே எண்வாரியாக அரசு வழிகாட்டி மதிப்பும் அதிலேயே இருக்கிறது. வருவாய்த்துறையின் இ-சேவையில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் வரும். நகராட்சி எல்லைக்குள் என்றால் நகர நில அளவைப் பதிவேடு. கிராமத்து வீட்டு மனை என்றால் நத்தம் கணக்கு. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் முதலில் செய்யவேண்டியது, தனக்குத் தெரிந்த ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொண்டு அதில் உள்ள வீடுகளுக்கு வில்லங்கம் போட்டுப் படிப்பது. யார் யாருக்கு விற்றார், எந்த வீடு அடமானத்தில் போய் வந்தது, எதில் பாகப்பிரிவினை நடந்தது, எதில் விடுதலைப் பத்திரம் விழுந்தது என்று படிக்கப் படிக்கத் தெருவே விளங்கிவிடும்.

வில்லங்கத்தில் வராததும் உண்டு. பதிவு செய்யாத எதுவும் அதில் வராது. ஒத்திக்கு மொத்தமாகப் பணம் கொடுத்துவிட்டு மாடியில் குடியிருப்பவர் வரமாட்டார். கோர்ட்டில் கிடக்கும் பாகவழக்கு பல நேரம் வராது. கூட்டுறவு வங்கியில் வெறும் பத்திரத்தை வைத்து வாங்கிய பழைய கடன் வராமல் போகலாம். பட்டா இருப்பதால் மட்டும் ஒருவர் உரிமையாளர் ஆகிவிடுவதும் இல்லை. தாய்ப்பத்திரத்திலிருந்து சங்கிலி அறுபடாமல் வரவேண்டும்.

இதற்கெல்லாம் மேலே, டெல்டாவுக்கே உரிய கண்ணி ஒன்று இருக்கிறது. அடிமனை. வீடு அவருடையது, வீட்டின் கீழே இருக்கும் மண் கோயிலுடையது அல்லது மடத்துடையது. கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் எங்கும் தெருத்தெருவாக இப்படி உண்டு. திருவாவடுதுறை, தருமபுரம் ஆதீனங்களுக்கும் திருப்பனந்தாள் காசி மடத்துக்கும் இந்த மண்ணில் இருக்கும் நிலம் ஊரறிந்தது. தஞ்சாவூர் அரண்மனை தேவஸ்தானத்தில் மட்டும் 88 கோயில்கள். மராட்டியர் கட்டிய ஒரத்தநாடு, நீடாமங்கலம் போன்ற சத்திரங்களின் நிலங்களை மாவட்ட ஆட்சியர் நிர்வாகம் பார்க்கிறது. அறநிலையத்துறையின் கீழ் மாநிலம் முழுக்க 4.78 லட்சம் ஏக்கர். 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34வது பிரிவுப்படி ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் சொத்தை விற்றால் அது செல்லாது. அடிமனை வாடகை கட்டி மூன்று தலைமுறையாக வாழ்பவர் தன் வீட்டை விற்க நினைத்தால் கட்டடத்தை மட்டும்தான் விற்க முடியும், அதுவும் வாங்குபவரைக் கோயில் வாடகைதாரராக ஏற்கவேண்டும். அக்ரிமென்ட் போட்டுக் கைமாற்றும் தொழில் இந்த வீடுகளை அடியோடு விட்டுவிட வேண்டும். 2021 முதல் கோயில் நில விவரங்களை அறநிலையத்துறை தன் இணையதளத்தில் ஏற்றியிருக்கிறது. சர்வே எண்ணை அங்கே ஒருதடவை தேடிப்பார்ப்பது பெரிய காரியத்தைத் தடுக்கும். அதிலும் நிம்மதி வராவிட்டால் தெருவில் ஒரு வயதான ஆளிடம் "இங்க அடிமனை யாருக்குக் கட்டுறீங்க?" என்று கேட்கச் சொல்லுங்கள். உடனே பதில் வரும்.

கிராமத்துப் பக்கம் வேறொரு நியாயமும் இருக்கிறது. மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையையே சொந்தமாக்கியது 1971இல் வந்த குடியிருப்புச் சட்டம். பெரிய வீட்டின் கொல்லையை ஒட்டி அப்படிக் குடியிருக்கும் குடும்பத்தை, பழைய பத்திரத்தின் நான்கெல்லையைக் காட்டி ஒரு விற்பனைக்காகக் கிளப்பப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அந்தப் பாவத்தில் பங்கெடுக்க வேண்டாம்.

தஞ்சாவூர்ப் பெரிய கோயில், தாராசுரம் பக்கத்தில் வீடு வந்தால் வரைபடத்தில் தூரத்தை அளந்துவிடுங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்டவேண்டும். 2010இல் திருத்திய சட்டம். இடித்துக் கட்ட நினைத்து வருகிற ஆளுக்கு அந்த வீட்டைக் காட்டுவது அவரை ஏமாற்றுவது.

விலைக்கு வருகிறேன். சரிசெய்தபின் போகக்கூடிய விலையில் 70 சதவீதத்தை எடுத்து, அதிலிருந்து மராமத்துச் செலவைக் கழி, அதற்கு மேல் கொடுக்காதே என்று அமெரிக்கக்காரர் ஒரு கணக்குச் சொல்வார். அந்தக் கணக்கு இங்கே உதவாது. அங்கே வாங்குகிறவன் கட்டடத்தைச் சரிசெய்து விற்கிறான். இங்கே ஓட்டு வீட்டுக்கு விலை என்று எதுவும் போடமாட்டார்கள், மனைக்குத்தான் விலை. தேக்குத் தூணும் உத்திரமும் கதவும் தனியாக மரக்கடைக்குப் போகும். பத்திரத்தில் எழுதிய தொகையை வைத்தும் விலை தெரிந்துகொள்ள முடியாது, ஏனென்றால் பலர் வழிகாட்டி மதிப்புக்குத்தான் எழுதுகிறார்கள். அந்த மதிப்பையும் 2017 ஜூனில் 33 சதவீதம் குறைத்தார்கள், 2023இல் மறுபடி ஏற்றினார்கள். தெருவில் கடைசியாக விற்றவரிடமும் வாங்கியவரிடமும் தனித்தனியாகக் கேட்டு, இரண்டு பேர் சொல்வதும் ஒத்துப்போனால்தான் அது விலை.

வாங்குபவர் யார் என்பதிலும் ஊர் வேறுபடுகிறது. ரேழியிலிருந்து கொல்லை வரை நீண்டு கிடக்கும் அக்ரஹாரத்து வீட்டுக்கு முதல் வாடிக்கையாளர், பொதுச்சுவரைப் பகிர்ந்துகொள்ளும் பக்கத்து வீட்டுக்காரர். குறுகலான மனை வேறு யாருக்கும் உதவாது, அவருக்கு இரட்டிப்பாகும். வேறு யாரிடம் போவதற்கும் முன் அவரிடம் போங்கள். கும்பகோணத்தில் மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள வீடுகளுக்கு விடுதி நடத்துபவர்கள் வருவார்கள். அடுத்த மகாமகம் 2028இல். தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரிச் சாலை, நாஞ்சிக்கோட்டைச் சாலை என்றால் சம்பளக்காரர்கள், வங்கிக் கடனோடு வருவார்கள். வங்கிக் கடன் என்றால் வங்கி வக்கீல் பத்திரத்தை ஒரு பிரட்டுப் பிரட்டுவார், மூன்று மாதத் தவணை போதாமல் போகும். காலமும் பார்க்கவேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் இங்கே யாரும் கிரயம் எழுத மாட்டார்கள். சம்பா அறுத்து நெல்லுப் பணம் கைக்கு வரும் தை, மாசி மாதங்களில்தான் உள்ளூர்ப் பணம் புழங்கும். ஐப்பசியில் போட்ட மூன்று மாத அக்ரிமென்டில் மார்கழி முழுசாக வீணாகும் என்று முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி அக்ரிமென்ட். அதில் என்ன கிடைக்கிறது என்பது புரியாமல்தான் நிறையப் பேர் இறங்குகிறார்கள். 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 54வது பிரிவு, விற்பதாகச் சொல்லும் ஒப்பந்தம் அந்தச் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்கிறது. கையில் இருப்பது, எழுதிக்கொடு என்று கேட்கும் உரிமை மட்டும். 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தையும் இங்கே எழுதும் அசையாச் சொத்துப் பவரையும் பதிவு செய்வது கட்டாயம். பதிவு செய்யாத ஒப்பந்தத்தையும் எழுதிக்கொடுக்கச் சொல்லும் வழக்கில் சாட்சியமாகக் காட்டலாம் என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். அதை நம்பி வெள்ளைத்தாளில் எழுதிவிட்டுப் போவது தவறு. பவர் வாங்கி வைத்துக்கொண்டு விற்கிறேன் என்பதும் அரைகுறை வழி. பவரும் அக்ரிமென்டும் சேர்ந்தாலும் கிரயம் ஆகாது என்று 2011 அக்டோபரில் சூரஜ் லாம்ப் வழக்கில் தீர்ந்துவிட்டது. பவர் கொடுத்த பெரியவர் இறந்துபோனால் சாதாரண பவர் அன்றே முடிந்தது.

ஒப்பந்தத்தைப் பதிவு செய்தால் இன்னொரு பொறுப்பு வந்து சேர்கிறது. அது அந்தப் பெரியவரின் வீட்டு வில்லங்கத்தில் ஏறி உட்கார்ந்துவிடும். தவணைக்குள் ஆள் கிடைக்காமல் நீங்கள் சிங்கப்பூரில் போனை அணைத்துவிட்டால் அவரால் வேறு யாருக்கும் சுலபமாக விற்க முடியாது. ரத்துப் பத்திரத்துக்கு உங்கள் கையெழுத்தும் வேண்டும். வழக்குப் போட உங்களுக்கு 3 வருட அவகாசம் இருப்பதால் வாங்க வருகிறவர் பயந்து ஓடுவார். ஆஸ்பத்திரிச் செலவுக்காக வீட்டை விற்க நினைத்த ஒருவரை இப்படிப் பிடித்து வைப்பது கொடுமை. மாப்பிள்ளையிடம் இதில் நான் கறாராகவே சொன்னேன்: ஊரில் இருக்கும் ஒருவருக்கு ரத்துப் பத்திரம் போடும் அதிகாரத்தை முதலிலேயே பவராகப் பதிந்து கொடு, தவணை முடிந்த வாரமே ரத்து செய்து கொடு.

பணக் கணக்குக்கு ஓர் உதாரணம். நாற்பது லட்சத்துக்குப் பேசி, நாற்பத்தாறுக்கு ஆள் வந்திருக்கிறார் என்று வையுங்கள். நீங்கள் வாங்கிப் பிறகு விற்றால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: 3 லட்சத்து 60 ஆயிரம் உங்கள் கையிலிருந்து போகும். மறுபடி அவரும் கட்டவேண்டும். அதனால்தான் விற்பவரிடமிருந்து நேராக அவருக்கே கிரயம் எழுதுகிறார்கள். அப்படி எழுதும்போது நாற்பது என்று பத்திரத்தில் போட்டுவிட்டு ஆறை ரொக்கமாக வாங்குவதுதான் ஊர் வழக்கம். வேண்டாம். சொத்து அட்வான்ஸ் உள்பட 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக்கூடாது என்பது 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். முழுத்தொகை நாற்பத்தாறு என்று எழுதுங்கள். நாற்பது விற்பவர் கணக்குக்கும் ஆறு உங்கள் கணக்குக்கும் போனதாக எழுதி, உங்களையும் அந்தக் கிரயத்தில் ஒரு தரப்பாகச் சேர்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். உங்கள் ஆறுக்கு நீங்கள் வரி கட்டுங்கள். பெரியவர் தன் நாற்பதுக்கு உள்ளதைப் பார்த்துக்கொள்வார்.

இப்படி எழுதினால் அந்த ஆறு லட்சம் பெரியவருக்கும் வாங்குபவருக்கும் கண்ணெதிரே தெரியும். பலர் பயப்படுவது இதற்குத்தான். "மேல வர்றது உன் சாமர்த்தியம்" என்று சொன்ன மனிதர், மேலே வந்தது எவ்வளவு என்று பத்திரப்பதிவு அலுவலகத்தில் பார்க்கும்போது முகம் மாறும் என்கிறார்கள். அவர் வாய்வார்த்தையாகச் சொன்னதை முதலிலேயே ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் எதற்காக மாறவேண்டும்? ஒன்பது கையெழுத்தைச் சேர்த்தது, வாரிசு சான்றிதழ் வாங்கியது, அத்தையைச் சமாதானம் செய்தது எல்லாம் அவருக்குத் தெரியும். ஒன்றுமே செய்யாமல் ஆறு எடுத்திருந்தால் முகம் மாறுவது நியாயம்தான்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அவசரமாக இரண்டு விஷயம். வெளிநாடுவாழ் இந்தியர் வீடு வாங்கலாம், விவசாய நிலமும் பண்ணை வீடும் வாங்கக்கூடாது. அதனால் வீட்டோடு சேர்த்து கொல்லைப்புற நஞ்சையையும் தலையில் கட்டப் பார்த்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் வாங்குபவர் வரி பிடித்துக் கட்டவேண்டும், விற்பவர் உள்நாட்டில் வாழ்பவராக இருந்தால் உள்ள 50 லட்ச வரம்பு அங்கே கிடையாது. வாங்குபவரிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள்.

ஊரில் கண்ணும் காலுமாக ஒரு ஆள் இல்லாமல் எதுவும் நடக்காது. உறவுக்காரரைவிட அந்தத் தெருவிலேயே வேலை பார்க்கும் ஒருவர் மேல்: எலக்ட்ரீஷியன், தேங்காய் பறிப்பவர், தபால்காரர். எந்த வீடு எத்தனை வருடமாகப் பூட்டியிருக்கிறது, கரண்ட் பில் யார் கட்டுகிறார் என்று அவர்களுக்குத்தான் தெரியும். செய்த வேலைக்கு அன்றன்றைக்கே பணம் கொடுங்கள், வீடு விற்றால் தருகிறேன் என்று இழுக்காதீர்கள். வெயிலில் எடுத்த வீடியோவை நம்பவேண்டாம். ஐப்பசி மழையில் வாசலில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, கொல்லை வாய்க்கால் எந்தப் பக்கம் வழிகிறது என்று எடுக்கச் சொல்லுங்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் என்றால் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கூரை என்ன ஆயிற்று, பிறகு எதைப் போட்டு மூடினார்கள் என்று விசாரியுங்கள்.

மாப்பிள்ளை முதல் வருடம் தன் பெயரில் ஒரு அக்ரிமென்டும் போடப்போவதில்லை. கும்பகோணத்தில் நாணயமான தரகர் ஒருவருக்கு வெளிநாட்டு வாரிசுகளைத் தேடிப் பேசிக் கொடுக்கும் வேலையைக் கமிஷனில் பங்கு வைத்துச் செய்யப்போகிறான். இப்போது கையில் இருப்பது வலங்கைமான் பக்கத்து வீடு ஒன்று. ஏழு வாரிசுகளில் ஆறு பேர் சரி என்றுவிட்டார்கள். ஈப்போவில் இருக்கும் ஏழாமவர், வீட்டை விற்பதற்கு முன் கொல்லையில் குடியிருக்கும் குடும்பத்துக்கு அவர்கள் மனையை எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்கிறார். மற்ற ஆறு பேரிடமும் இவன் அதைப் பேசிக்கொண்டிருக்கிறான்.